யாரும் சாகாத ஞாயிற்றுக்கிழமை

சித்தூரில் என்னைத் தெரியாத ஒருவரைப் பார்த்தால், அவர் நேற்றுதான் பஸ்ஸை விட்டு இறங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். நாற்பது வருஷம் இந்த ஊருக்கும் சுற்றுப்பட்டுக்கும் மைக் செட் கட்டியவன் நான். கல்யாணம், காதுகுத்து, ஜாத்திரை, கட்சிக் கூட்டம், எதுவானாலும் அங்கே முதலில் கேட்கும் குரல் என்னுடையதுதான். வாடகை ஆம்ப்ளிஃபையரில் ஆரம்பித்தேன். பிறகு திருப்பதிக்குப் போய்ச் சொந்தமாக ஒன்று வாங்கி, பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்தான். பரவாயில்லை, பின்னாளில் அவன் மகள் கல்யாணத்துக்கும் நான்தான் செட் கட்டினேன்.

படித்தது மூன்றாம் வகுப்பு, அதுவும் தெலுங்கில். தமிழ் எழுத்தை எனக்கு இசைத்தட்டு உறைகள்தான் சொல்லிக்கொடுத்தன. நான் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் தமிழ்ச் சொல் "பின்னணி". அம்மா, ஆடு எல்லாம் அதற்குப் பிறகுதான். அதனால் என்ன குறைந்துவிட்டது? எம்.ஏ. படித்தவர்கள் எத்தனையோ பேர் ஒரு பாட்டின் முதல் இரண்டு நொடியைக் கேட்டுவிட்டு முழிப்பார்கள். எனக்கு ஊசி தட்டில் உட்காரும் சத்தமே போதும்.

வேலூர் ரோட்டில் ஒரு விதைக் கடைக்கு மேலே இரண்டு அறை எடுத்து ஊருக்கென்று ஒரு ரேடியோ ஆரம்பித்தார்கள். சமுதாய வானொலி என்று போர்டு இருக்கும். சின்ன ரேடியோ. காணிப்பாக்கம் வரைக்கும் கேட்கும், அதைத் தாண்டினால் கரகரப்பு, அப்புறம் ஒன்றுமில்லை. அங்கே ஸ்பீக்கர் ரிப்பேருக்குப் போன நான், வேலையை முடித்துவிட்டு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"இன்னாம்மா இது, நீங்க போடற பாட்டு எல்லாம் நேத்து கொழம்பு மாதிரி கீது" என்றேன்.

அங்கே மேனேஜராக இருப்பவர் தெலுங்கு வீட்டுப் பெண்மணி. என்னைப் பெத்தாயனா என்றுதான் கூப்பிடுவார், பெரியவரே என்பதைப் போல. "அப்ப நீங்களே வந்து புதுக் கொழம்பு வெய்யுங்க பெத்தாயனா" என்றார்.

வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு முதல் எட்டு வரை. நிகழ்ச்சிக்குச் "சேர்மானம்" என்று பெயர் வைத்ததும் நான்தான். வாரத்துக்கு ஒரு சொல் எடுத்துக்கொள்வேன். அந்தச் சொல்லுக்குப் பொருந்துகிற பாட்டு எங்கே இருந்தாலும் இழுத்துவருவேன். சினிமாப் பாட்டுக்குப் பக்கத்தில் நாதஸ்வரம், அதற்குப் பக்கத்தில் மாங்கூழ் ஃபேக்டரியில் பெண்கள் மாங்காய் அறுத்துக்கொண்டே பாடியது, அதற்குப் பக்கத்தில் குவைத்தில் வண்டி ஓட்டும் நம் ஊர்க்காரர் போனில் அனுப்பிய அரபிப் பாட்டு. என்ன சொல் என்பதை முதலில் சொல்ல மாட்டேன். எந்தப் பாட்டுக்கும் முன்னுரை கிடையாது. பாட்டுகளைக் கேட்டுவிட்டு, கேட்கிறவர்கள்தான் போன் செய்து தலைப்பைச் சொல்ல வேண்டும். கடைசி ஐந்து நிமிஷத்தில் நானே உடைப்பேன். கதவுக்கு ஒரு வாரம், உப்புக்கு ஒரு வாரம் செய்திருக்கிறேன். தும்மலுக்கு ஐந்து பாட்டுக் கண்டுபிடித்தேன். முடிந்தால் நீங்கள் இரண்டு சொல்லுங்கள்.

பாட்டு வரிசையைப் பேப்பரில் எழுத மாட்டேன், படமாகப் போட்டுக்கொள்வேன். நாதஸ்வரத்துக்கு ஒரு குழல், அழுகைப் பாட்டுக்கு ஒரு கண், இப்படி. மேனேஜரம்மா அதை எட்டிப் பார்த்துவிட்டு, "இது புரோகிராம் ஷீட்டா, பொங்கல் கோலமா?" என்பார்.

எல்லாம் நன்றாக இருந்தது, ஒன்றைத் தவிர. போன் அடிக்கவில்லை.

ஒன்றிரண்டு வந்தன. அவற்றில் பாதி என் மனைவி செய்தது. பக்கத்துத் தெருவிலிருந்து குரலை மாற்றிப் பேசுவாள். ஒரு வாரம் குடிபாலா ஊர்ப் பெண், மறு வாரம் பால் கறக்கும் கிழவி. எனக்கே தெரியாது. ஒரு நாள் ஆர்வக் கோளாறில் "நான் ராமகுப்பத்துல இருந்து பேசறேன்" என்று சொல்லிவிட்டாள். ராமகுப்பம் ஜில்லாவின் கோடியில், குப்பம் டவுன் பக்கம் எங்கேயோ இருக்கிறது. எங்கள் ரேடியோ அங்கே கனவில்கூடக் கேட்காது. ரேடியோ கமிட்டியின் தலைவர் அதைப் பிடித்துவிட்டார்.

தலைவர் ரிட்டையர்டு எம்.ஆர்.ஓ., தாசில்தார் மாதிரி. மண்டலத்தையே கட்டி ஆண்ட மனுஷர், இப்போது ஆள்வதற்கு இந்த இரண்டு அறைதான் மிச்சம். என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"உம்ம நிகழ்ச்சியை யாரும் கேக்கறதில்ல. அந்த நேரத்துல ராசி பலன் போடலாம்னு கமிட்டில பேசறாங்க. ரெடிமேடா வருது."

"கேக்கறாங்க சார். பதினோரு ஊர்ல கேக்கறாங்க."

பொய் சொல்லவில்லை. இப்போதெல்லாம் விசேஷத்துக்குப் பெட்டி ஸ்பீக்கர்தான் கேட்கிறார்கள். என் பழைய கூம்பு ஸ்பீக்கர்கள் எல்லாம் வீட்டில் சும்மா கிடந்தன. அவற்றை எடுத்துக்கொண்டு போய்ப் பதினோரு ஊரில் பால் சென்டர் கூரைமேல் கட்டிவிட்டு வந்திருந்தேன். உள்ளே ஒரு ரேடியோ, மேலே கூம்பு. காலையில் பால் ஊற்ற வருகிறவர்கள் கேட்பார்கள், கழனியில் இருப்பவர்களுக்கும் கேட்கும். இது என் சொந்த யோசனை. யாரும் சொல்லிச் செய்யவில்லை.

"கேக்கறவன் போன் பண்ணணுமே" என்றார் தலைவர்.

"மாட்டு மடியில கைய வெச்சிகினு கீறவன் எப்டி சார் போன் பண்ணுவான்?"

அவர் சிரிக்கவில்லை. வருகிற ஞாயிறு தானே ஸ்டுடியோவுக்கு வந்து உட்காருவதாகச் சொன்னார். பத்து போன் வந்தால் அந்த ஒரு மணி நேரம் எனக்கு. ஒன்பது வந்தால் ராசி பலன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "பத்து கொரல் எனக்கு வராது" என்றாள் அவள். "நாலு வரும்."

நான் அவளை நம்பி இல்லை. என்னிடம் ஒரு தலைப்பு பத்திரமாக இருந்தது. தோல். ஆட்டுத்தோல், மாட்டுத்தோல், உடும்புத்தோல், தோலில் அடிக்கிற அத்தனையும். தவில், பம்பை, கஞ்சிரா, கதை சொல்கிறவர்களின் மிருதங்கம், கழுத்தில் தொங்கும் டோலக். முதலில் எது? பறைதான். அதில் எனக்குக் கேள்வியே இல்லை. நைனா, என் அப்பா, பறை அடித்தவர். என் மனைவியின் தம்பி இன்றைக்கும் அடிக்கிறான். இந்த ஜில்லாவில் அவன் கைக்கு இணையான கை கிடையாது, மச்சான் என்பதற்காகச் சொல்லவில்லை.

கல்யாண அடி, சாமி அடி எல்லாம் ரேடியோவிலேயே வந்து அடித்துக் கொடுத்திருக்கிறான். சாவு அடி மட்டும் மாட்டேன் என்றுவிட்டான்.

"சாவு வூட்லதான் மாமா அத அடிக்கணும். சும்மா அடிச்சா, யாரையோ வா வான்னு கூப்புடற மாதிரி."

அதனால் போன வருஷம் அவன் ஊரில் தொண்ணூறு தாண்டிய ஒரு கிழவர் போனபோது, அந்த வீட்டாரிடம் கேட்டு, தெருவில் நின்று பதிவு செய்துவைத்திருந்தேன். அழுகைச் சத்தம் வந்த இடத்தையெல்லாம் வெட்டிவிட்டேன், அது மரியாதை. பறை மட்டும் சுத்தமாக இருந்தது. பின்னால் ஒரு நாய், ஒரு மோட்டார் சைக்கிள், அவ்வளவுதான். அதைத்தான் முதலில் போடப்போகிறேன் என்று மச்சானிடம் சொன்னேன். அவன் கொஞ்சம் யோசித்தான்.

"போடு மாமா. ஆனா இன்னான்னு சொல்லிட்டுப் போடு."

"சொல்லிட்டுப் போட்டா அப்பால இன்னாடா வெளயாட்டு? சேர்மானத்துல முன்னுரையே கெடையாது."

"நீ கேக்கற ஆளா" என்று எழுந்து போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை தலைவர் ஆறே முக்காலுக்கே வந்துவிட்டார். கோடு போட்ட நோட்டு ஒன்றைத் திறந்துவைத்துக்கொண்டு, போனுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ஏழு மணிக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது. "வணக்கம், சேர்மானம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பறையை விட்டேன். ஹெட்ஃபோனில் அது வந்தபோது எனக்கே மயிர் சிலிர்த்தது. அப்படி ஒரு அடி.

அரை நிமிஷம் ஆகவில்லை, போனில் விளக்கு மின்னியது. மேனேஜரம்மா எடுத்தார். வைத்தார். உடனே இன்னொன்று. மறுபடி இன்னொன்று. தலைவர் நோட்டில் கோடு போட்டார். எனக்கு ஹெட்ஃபோனில் பறையைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. மேனேஜரம்மாவின் முகம் வெளுத்துக்கொண்டு வந்ததைப் பார்த்தேன். என் வெற்றியைப் பார்த்து மலைத்துப்போய்விட்டார் என்று நினைத்தேன். பறை இன்னும் முடியவில்லை, பத்துக் கோடு விழுந்துவிட்டது. பத்து விரலையும் விரித்துத் தலைவருக்குக் காட்டினேன்.

அப்போது தலைவரின் சொந்த போன் அடித்தது. எடுத்துக் கேட்டார். எழுந்து நின்றார். ஹெட்ஃபோனை ஒரு காதிலிருந்து விலக்கினேன்.

"நம்ம தெருவுலயா? யாரு? சத்தம் எங்கிருந்து வருது, பால் சென்டர் பக்கமா?" என்று கேட்டுக்கொண்டே மெதுவாக என் பக்கம் திரும்பினார். பேசியது அவர் வீட்டம்மா. குளியலைப் பாதியில் விட்டுவிட்டு வாசலுக்கு வந்து, யார் போனார்கள் என்று தெருவைப் பார்த்து நின்றிருக்கிறார்கள்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. பதினோரு ஊரில், பால் சென்டர் கூரைமேல், நானே என் கையால் கட்டிய பதினோரு கூம்பிலிருந்து சாவு மேளம் போய்க்கொண்டிருக்கிறது. கழனியில் இருப்பவனுக்கு அது ரேடியோ என்று எப்படித் தெரியும்? ஊர்ப்பக்கமிருந்து பறை கேட்டால் அவன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவரத்தான் செய்வான். பின்னால் நாய் வேறு குரைக்கிறது.

அப்போதாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். எனக்கோ, சேர்மானத்தில் முன்னுரை கிடையாது என்கிற பிடிவாதம். அடுத்ததைத் தட்டிவிட்டேன். அடுத்தது தவில், தாலி கட்டும்போது வாசிக்கிற கெட்டிமேளம்.

சாவு மேளம் முடிந்த கையோடு கெட்டிமேளம். மேனேஜரம்மா பாய்ந்து வந்து என் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். "யாரும் சாகலை. எவுரூ சாவலேது. இது ரேடியோ. யாரும் சாகலை" என்று இரண்டு பாஷையிலும் மூன்று முறை சொன்னார். மீதிப் பாட்டுகளை நான் தலை குனிந்து போட்டேன். தலைப்பை உடைக்கவும் மறந்துவிட்டேன். என் வாழ்க்கையில் நான் தலை குனிந்தது இரண்டே முறை. இன்னொன்று இங்கே தேவையில்லை.

எட்டரை மணிக்குக் கீழே இறங்கினால், விதைக் கடை வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். நாற்பது வயது இருக்கும். திருப்பதியில் ஒரு துணிக்கடையில் வேலை. மச்சானின் ஊர்தான்.

"நீதான் அந்த ரேடியோ பெருசா?"

"ஆமாம்மா."

"எங்கம்மா படுத்த படுக்கையா கீது. ரோட்ல பஸ்ஸுக்கு நின்னுகினு இருந்தேன். ஊர்ப்பக்கம் மோளம். அதுவும் எங்க ஊர் ஆளு கை, எனக்குத் தெரியாதா? பஸ்ஸ விட்டுட்டு செருப்ப கைல எடுத்துகினு ஓடறேன். போயி பாத்தா எங்கம்மா இட்லி துன்னுகினு கீது. 'இன்னாடி, லீவா'ன்னு கேக்குது."

கை இரண்டையும் சேர்த்துக் கும்பிட்டேன். எனக்கு அது சுலபமாக வருகிற காரியம் இல்லை.

"கும்புட்டா ஆச்சா? என் நெஞ்சு இன்னும் அடிச்சிகினு கீது" என்று புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நாலு அடி போனவள் திரும்பி வந்தாள். "அது கெடக்கட்டும். தலைப்பு இன்னா, தோலா?"

தோல்தான் என்று தலையாட்டினேன். அவள் ஒவ்வொரு ஞாயிறும் பஸ்ஸில் கேட்கிறாள். அந்த டிரைவர் எங்கள் ரேடியோவைத்தான் போடுகிறாராம். ஆனால் நான் தலைப்பை உடைப்பதற்குள் பஸ் காணிப்பாக்கம் தாண்டிவிடுகிறது. ஒரு வருஷமாக ஒரு விடையும் தெரியாமல் திருப்பதியில் போய் இறங்குகிறாள். பஸ்ஸில் பாதிப் பேர் அப்படித்தானாம், கடைசி வரை சண்டை போட்டுக்கொண்டே போவார்களாம். ஒரு வாரத்துப் பாட்டுகளைச் சொல்லி, விடை என்ன என்று கேட்டாள். கதவு என்று சொன்னேன். "ஜன்னல்னு நெனச்சேன்" என்றாள்.

புதன்கிழமை கமிட்டி கூடியது. தலைவர் நோட்டைப் பிரித்து வைத்தார். இரண்டு பக்கம் முழுக்கக் கோடு.

"போன் வந்தது பாட்டுக்கு இல்ல, சாவுக்கு" என்றார். "பாதி பேர் யாரு போனாங்கன்னு கேட்டாங்க, பாதி பேர் திட்டினாங்க."

"திட்டறவனும் கேட்டவன்தான சார்."

மேனேஜரம்மா இருமுவதுபோல வாயை மூடிக்கொண்டார்.

"காலங்காத்தால அந்த மேளத்த ரேடியோல போடலாமா? அபசகுனம். அதுக்கு நீர் மன்னிப்பு கேக்கணும். கேட்டா மேல பேசலாம்."

நான் எழுந்து நின்றேன். உட்கார்ந்துகொண்டு சொல்கிற விஷயம் இல்லை அது.

"சொல்லாம போட்டது என் தப்பு சார். அதுக்கு பதினோரு ஊர்லயும் மன்னிப்பு கேக்கறேன். ஆனா மேளத்துக்கு கேக்க மாட்டேன். எங்க நைனா அத அடிச்சிதான் எனக்கு சோறு போட்டாரு. உங்க வூட்டுப் பெரியவங்க போனப்பவும் அவர்தான் முன்னாடி நடந்தாரு. அன்னிக்கு அபசகுனமா இல்லாதது இன்னிக்கு எப்டி ஆவும்?"

தலைவர் நோட்டை மூடினார். அவருடைய அப்பா சாவுக்கு நடந்த நைனாவை அவருக்கு ஞாபகம் இருந்திருக்கும். பிறகு, "என் வீட்டுக்காரி இன்னும் திட்றா" என்றார். "அடுத்த ஞாயிறு ஒண்ணு செய்யும். ஒழுங்கா சொல்லிட்டு செய்யும். அப்புறம் பாக்கலாம்."

அடுத்த ஞாயிறு மச்சானை ஸ்டுடியோவுக்கே கூட்டிவந்தேன். தலைவர் அதே நாற்காலியில், அதே நோட்டோடு. ஏழு மணிக்கு முதல் வேலையாக மன்னிப்புக் கேட்டேன். சுருக்கமாகத்தான் கேட்டேன், ஆனால் முழுசாகக் கேட்டேன். மைக்கை மச்சானிடம் தள்ளினேன். அவன் மைக்கில் பேசியதே இல்லை. தொண்டையைக் கனைத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரனிடம் பேசுவதுபோலப் பேசினான்.

"சாவாதவனுக்கு சாவு சேதி வந்தா ஆயுசு கெட்டின்னு எங்க பெரியவங்க சொல்லுவாங்க. போன வாரம் எங்க மாமா பதினோரு ஊருக்கும் ஒரே நேரத்துல சேதி அனுப்பிட்டாரு. அதனால பதினோரு ஊருக்கும் ஆயுசு கெட்டி. யாரும் கவலப்படாதீங்க." சொல்லிவிட்டு, இது சாமி அடி என்று அறிவித்துவிட்டு அடித்தான்.

போன் அன்றைக்கு அடித்த அடி எனக்குத்தான் தெரியும். தலைவர் பத்துக்கு மேல் கோடு போடுவதை விட்டுவிட்டார், பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். படுத்த படுக்கையாக இருந்த அந்த அம்மாவே போனில் வந்தார். "எனக்கு இன்னும் எத்தினி வருசம்பா போட்டுக் குடுத்த?" என்று மச்சானைக் கேட்டார். "நீ கேக்கற அளவுக்கு, பெரிம்மா" என்றான் அவன். அவர் ஒரு கும்மிப் பாட்டுக் கேட்டார், என்னிடம் இருந்தது, போட்டேன். என்னிடம் இல்லாத பாட்டு கம்மி.

ஏழு நாற்பது இருக்கும். இன்னொரு போன். பின்னால் இன்ஜின் சத்தம், பத்துப் பேர் பேச்சு.

"நான்தான், செருப்ப கைல எடுத்துகினு ஓடினவ. பஸ்ல இருந்து பேசறேன். டிரைவரண்ணன் காணிப்பாக்கம் முன்னாடியே வண்டிய ஓரம் கட்டிட்டாரு. விடை கேக்காம எடுக்க மாட்டேன்றாரு. கண்டக்டர் கத்தறாரு. சீக்கிரம் சொல்லு பெருசு, இன்னிக்கு தலைப்பு ஆயுசுதான?"

எட்டு மணிக்கு இன்னும் இருபது நிமிஷம் பாக்கி இருந்தது. கடைசி ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் நான் ஒருநாளும் உடைத்ததில்லை. தலைவரைப் பார்த்தேன். ஒரு பஸ் முழுக்க ஆட்கள் நடுவழியில் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். மைக் செட் கட்டிய நாற்பது வருஷத்தில் எந்தக் கட்சித் தலைவர் கூட்டத்துக்கும் இப்படி ஒரு பஸ் நின்றதில்லை.

"சொல்லித் தொலையும்யா" என்றார் தலைவர். "பஸ் நிக்குது."

"ஆயுசேதான்" என்றேன். போனில் கைதட்டல் கேட்டது. யாரோ ஒருவன் "நான் சொன்னேன்ல, பந்தயத்த குடு" என்று கத்தினான். ஹாரன் அடித்துக்கொண்டே வண்டி கிளம்பும் சத்தம் ரேடியோவில் போனது. எங்கள் ரேடியோவில் அதுவரை போன சத்தங்களிலேயே சிறந்த சத்தம் அது.

ராசி பலன் திங்கட்கிழமைக்குப் போனது. எனக்கு ஒரு மணி நேரம் ஒன்றரை மணி நேரமாக ஆனது. தலைப்பை இப்போது இரண்டு முறை உடைக்கிறேன், காணிப்பாக்கத்துக்கு முன்னால் பஸ்காரர்களுக்கு ஒருமுறை சாடையாக, கடைசியில் ஊருக்கெல்லாம் ஒருமுறை முழுசாக. தலைவர் வீட்டம்மா வாராவாரம் ஏழு ஐந்துக்கே போன் செய்து ஒரு விடை சொல்வார்கள். இதுவரை ஒன்றுகூடச் சரியாக வந்ததில்லை. என் மனைவி தன் சொந்தக் குரலில் பேசுகிறாள், மூன்று முறை ஜெயித்தும் இருக்கிறாள். நான் வீட்டில் விடையை உளறவில்லை, சத்தியமாக.

முன்னுரை கூடாது என்கிற என் சட்டத்தில் ஒரே ஒரு ஓட்டை விட்டிருக்கிறேன். ஒவ்வொரு ஞாயிறும் ஏழு மணிக்கு மச்சான் பறையில் நாலு தட்டுத் தட்டுகிறான். கழனியில் இருப்பவன் தலையைத் தூக்குவதற்குள் நான் மைக்கில் சொல்கிறேன்: "இன்னிக்கு யாரும் சாகலை. சேர்மானம் ஆரம்பம்."